ஐந்து சுரங்களின் ஊர்

கோலா பெலும்பாங் ஊரை விட்டு இரண்டு சுரங்கள் எழுந்து போன வருஷம் ஆற்றில் இறால் அள்ளக் குறையாமல் விழுந்தது, மழை நேரத்துக்கு வந்தது, மாரியம்மன் கோயில் கொடிமரத்துக்குப் புதுத் தகடு போட்டார்கள், யோகராணியின் மகள் லோஷினி குப்புற விழுந்து தலையைத் தூக்கி உலகத்தைப் பார்க்கப் பழகியிருந்தாள். ஆகவே அதைக் கெட்ட வருஷம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மலேசியாவின் மேற்குக் கரையில், ஆறு கடலோடு கலக்கும் சேற்றில் மரக்கால்களை ஊன்றி நிற்கும் சின்ன ஊர் அது. சீனர்கள் மீன் பிடித்தார்கள், மலாய்க்காரர்கள் படகு கட்டினார்கள், தமிழர்கள் மரம் அறுக்கும் ஆலையிலும் அரசாங்க ஆபீஸ்களிலும் வேலை பார்த்தார்கள், எல்லோரும் சேர்ந்து பேண்ட் வாசித்தார்கள். ஐஸ் கிடங்கின் மேல்மாடியில், சீனர் சங்கத்துக் கூடத்தில், வாரம் தவறாமல் அந்தப் பேண்ட் கூடும். மோட்டார் ரிப்பேர் செய்கிறவர் டியூபா ஊதுவார், தபால்காரர் டிராம்போன் இழுப்பார், பள்ளிக்கூட ஆசிரியைகள் இருவர் புல்லாங்குழல் வாசிப்பார்கள், பல் கிளினிக்கில் பேர் பதிந்து டோக்கன் கொடுக்கும் யோகராணி கிளாரினெட் வாசிப்பாள். நடத்துகிறவர் லியோங். ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் ஒரு தாளம் பிந்தினாலும் இரண்டு வண்டி மோதிக்கொண்டது போல முகம் மாறுவார்.

அந்த வருஷம் சீனர்களின் விளக்குத் திருவிழாவுக்கு லியோங் ஒரு புதிய இசையை எழுதிக் கொண்டுவந்தார். முன்பு ஈயச் சுரங்கங்களில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மரத்தட்டில் மண் அலசிய ஹக்கா இனச் சீனப் பெண்கள் பாடிய மலைப்பாட்டுகளை எடுத்து, பேண்டுக்கு ஏற்றபடி கோத்திருந்தார். இந்த மலையிலிருந்து ஒருத்தி கேள்வி கேட்பாள், எதிர் மலையிலிருந்து இன்னொருத்தி பதில் சொல்வாள். பிறகு ஆற்றில் படகு வரும். பிறகு கல்யாண ஊர்வலம் வரும். ஹார்ன்கள் மலைகளாக நின்றன, கிளாரினெட்டுகள் பெண்களாகப் பேசின, டிரம்பெட்டுகள் வாயில் மூடியை வைத்துக்கொண்டு சீன நாயனமாகக் கத்தின, வெண்கலத் தட்டும் தாளமும் பெரிய முரசும் ஊர்வலத்தை நடத்திக்கொண்டு போயின.

"இதுல அஞ்சு சுரம்தான்," என்று லியோங் முதல் நாளே மலாயில் சொல்லிவிட்டார். "ஃபா இல்ல, டீ இல்ல. அந்த ரெண்டோட நிழல்கூட விழக்கூடாது."

"நம்ம மோகனம்தான் இது, அவரோட ஃபா, டீதான் நம்ம ம, நி," என்று டியூபாக்காரர் யோகராணியின் பக்கம் குனிந்து சொன்னார். "இவங்களுக்கு மலைப்பாட்டு, நமக்கு மோகனம்."

ஆனால் மோகனத்தில்கூட அவ்வளவு கண்டிப்பு இருந்ததில்லை. விரல் வழுக்கி ஃபாவின் ஓரத்தைத் தொட்டாலும் லியோங் குச்சியைக் கீழே போடுவார். டீயை நினைத்துக்கொண்டு மூச்சு இழுத்தால்கூட அவருக்குத் தெரியும். பேண்டுக்காரர்கள் எந்த வாசிப்புக்கு முன்னும் சுருதி சேர்க்க எடுக்கும் சுரமே இந்தப் பாட்டின் ஃபாவாக இருந்தது. அதையும் அவர் மாற்றிவிட்டு, வேறு சுரத்தில் சேர்க்கச் சொன்னார். வாரக் கணக்கில் தேய்த்துத் தேய்த்து அந்த இரண்டையும் இசையிலிருந்து கழுவினார்கள். திருவிழா அன்று, காகித விளக்குகள் ஆற்றங்கரை முழுக்கத் தொங்க, நிலா எழும்பும் நேரத்தில் அவர்கள் வாசித்தபோது, ஒரு பிசிறு இல்லை, ஒரு கறை இல்லை. கல்யாண ஊர்வலம் வெண்கலத் தட்டின் கடைசி அடியோடு வீடு போய்ச் சேர்ந்தது, ஊரே எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நடுவே, பந்தியில் தங்களுக்கு இலை போடவில்லை என்று புரிந்துகொண்ட விருந்தாளிகள் போல, இரண்டு சுரங்களும் யாரையும் தொந்தரவு செய்யாமல் எழுந்து ஊர் எல்லையிலிருக்கும் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டன.

மறுநாள் காலையில் அக்கரைக்குப் போகும் படகின் ஊதல் கேட்கவில்லை. படகோட்டி ஊதலை அழுத்திக்கொண்டுதான் இருந்தார், எதிர்க்கரையில் நின்றவர்கள் அதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டும் இருந்தார்கள், இந்தக் கரையில் மட்டும் ஒன்றும் இல்லை. பாதிப் பேர் படகைத் தவறவிட்டார்கள். கோயில் மணி ஆடியது, நாக்கு போய் விளிம்பில் இடித்தது, அர்ச்சகர் அண்ணாந்து பார்த்தார், ஒன்றும் இல்லை. மரம் அறுக்கும் ஆலையின் பெரிய ரம்பம் எப்போதும் டீயில்தான் கிறீச்சிடும். அது இப்போது மரத்தை வெண்ணெய் வெட்டுவது போல ஓசையின்றி வெட்டியது. தண்ணீர் கொதித்தால் விசிலடிக்கும் கெட்டில்கள் ஆவியை மட்டும் விட்டன. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் பிலால் தன் குரலை ஒரு படி இறக்கிக்கொண்டார். நாயனக்காரர் ஊதிப் பார்த்துவிட்டு, கல்யாணி வேண்டாம், தோடி வேண்டாம், இனி எல்லா முகூர்த்தத்துக்கும் மோகனம்தான் என்று சொல்லிவிட்டார்.

முதல் வாரம் ஊர் இதைப் பற்றியே பேசியது, இரண்டாம் வாரம் பழகத் தொடங்கியது. படகுத் துறையில் ஊதலுக்குப் பதில் சிவப்புக் கொடி ஏற்றினார்கள். கோயில் மணிக்குக் கீழே ஒரு விளக்கை வைத்து, பூசை நேரத்தில் ஏற்றி இறக்கினார்கள். சண்டைகள்தான் விசித்திரமாகிப் போயின: புருஷனும் பெண்டாட்டியும் தொடங்கும்போது குரல் கேட்கும், கோபம் ஏற ஏறக் குரல் ஃபாவைத் தொடும், தொட்டதும் மறைந்துவிடும், இருவரும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பார்கள், பிறகு வெட்கப்பட்டு ஒருவர் அடுப்படிக்கும் ஒருவர் வாசலுக்கும் போவார்கள். ஆலைக்கு அடுத்த வீட்டில் முப்பது வருஷமாக ரம்பச் சத்தத்தில் கிடந்த பச்சையப்பன், ஒரு மதியம் படுத்தவர் மறுநாள் மதியம் எழுந்து, தூக்கம் என்றால் இதுதானா என்று மனைவியிடம் கேட்டார். தனக்குக் கிடைத்ததை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு நடந்தார்.

யோகராணிக்கும் முதலில் ஒன்றும் தோன்றவில்லை. வீடு வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. குழந்தை வளர்கிறது, சமர்த்தாகிவிட்டது என்று நினைத்தாள். கணவன் குணாளன் தெற்கே ஒரு பெரிய துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான், மாதம் ஒருமுறை வந்து போவான். வீட்டில் அவளும் பிள்ளையும்தான். அன்று பின்கட்டில் துணியை அலசிப் பிழிந்து, காயப்போட்டு, நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தவள், தொட்டிலுக்குள் குனிந்தாள். லோஷினியின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போயிருந்தது. கண்ணீர் காதுக்குள் ஓடியிருந்தது. வாய் முழுக்கத் திறந்து, உள்நாக்கு துடிக்க, கைகால் எல்லாம் உதற, பிள்ளை எவ்வளவு நேரமாகவோ அலறிக்கொண்டிருந்தது. ஒரு துளி சத்தம் இல்லை.

அவள் மகள் ஃபாவில் அழுதாள். ஊரில் வேறு பிள்ளைகளும் இருந்தார்கள். சிலர் கீழே அழுதார்கள், சிலர் மேலே அழுதார்கள், சிலர் ஏறி இறங்கி அழுததில் பாதி கேட்டது. லோஷினி மட்டும், சுருதிப் பெட்டியில் வைத்துச் செய்தது போல, முதல் மூச்சிலிருந்து கடைசி மூச்சு வரைக்கும் அந்த ஒரே சுரத்தில் நின்று அழுதாள்.

கிளினிக்கில் நர்ஸ் சாலேஹா தொண்டையில் விளக்கடித்துப் பார்த்து, "பிள்ளைக்கு ஒரு குறையும் இல்ல, ஊருக்குத்தான்," என்றாள். "பாத்துக்கிட்டே இரு. வேற மருந்து இல்ல."

பார்த்துக்கொண்டே இருப்பது என்பது சொல்வதற்கு எளிது. யோகராணி சோற்றை வடிக்கும்போது பார்த்தாள், குளிக்கும்போது கதவைத் திறந்து வைத்துப் பார்த்தாள், கிளினிக்கில் டோக்கன் எழுதிக்கொண்டே மேசைக்கடியில் கிடத்தியிருந்த கூடையைப் பார்த்தாள். தூங்கும்போது உள்ளங்கையைப் பிள்ளையின் மார்பில் வைத்துக்கொண்டாள், அழுதால் அது அதிரும் என்பதற்காக. அதிராதபோது, அழவில்லையா அல்லது கை மரத்துப்போய்விட்டதா என்று எழுந்து உட்கார்ந்தாள். பிள்ளையின் காலையும் தன் மணிக்கட்டையும் ஒரு நாடாவால் கட்டிக்கொண்டாள். கண் எரிந்தது. கிளாரினெட் பெட்டி அலமாரியின் மேல் ஏறிவிட்டது. கண் இமைக்கும் அந்தச் சின்ன இருட்டுக்குள் மகள் அழுதுவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்கு இமைக்கவே பயமாக இருந்தது.

"எங்கூட வந்துடு," என்று குணாளன் போனில் சொன்னான். "ரூமு சின்னதுதான். ஆனா இங்க காது கேக்கும்."

"எட்டுப் பேரு தங்கற ரூமுல எங்கங்க நான் வந்து இருக்கறது?" என்றாள் அவள்.

ஊர் அவளைத் தனியே விடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டில் கருவாடு காயவைத்து விற்கும் ஆ யூன் முதலில் தன் வீட்டுச் சுவரில் ஒரு பலகையைக் கழற்றி, அங்கிருந்தே தொட்டில் தெரியும்படி செய்துகொண்டாள். பிறகு மீன்காரர் சைக்கிளை நிறுத்தி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தபால்காரர் தபால் இல்லாத நாளிலும் எட்டிப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அது ஊர் வழக்கமாகவே ஆயிற்று: பிள்ளை இருக்கிற வீட்டைத் தாண்டுகிற எவரும், சீனரோ மலாய்க்காரரோ தமிழரோ, ஒருமுறை உள்ளே பார்க்காமல் தாண்டக்கூடாது. அழுகிற பிள்ளையைக் கண்டால் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் உள்ளே போய்த் தூக்கலாம். அதற்காக ஊரில் ஒருவரும் கதவைச் சாத்தவில்லை. காது செய்த வேலையைக் கண் எடுத்துக்கொண்டது. திருடனுக்குக்கூட அங்கே வேலை இல்லாமல் போயிற்று. இதைச் சொல்லிச் சொல்லி ஊர் பெருமைப்பட்டது. அத்தனை கண்களும் தன் வீட்டுக்குள் வந்து வந்து போக, யோகராணி மட்டும் தன் கண்ணை எடுக்கத் துணியவில்லை.

லியோங் இளைத்துப் போனார். மார்கழி பாதியில் சங்கத்துக் கூடத்தில் ஊரைக் கூட்டி, "நாமதான் அதுங்களை வேணாம்னு சொன்னோம்," என்றார். "இசையை மாத்தி எழுதறேன். அதுங்களுக்கு உள்ள இடம் விட்டு வாசிப்போம். வந்தாலும் வரும்."

பிறகு பச்சையப்பன் எழுந்தார்.

"எதுக்குங்க கூப்பிடணும்? போனதால என்ன கெட்டுப்போச்சி? எந்த வீட்ல சண்டை இருக்கு? நான் தூங்கறேன். முப்பது வருசமா தூங்காதவன் தூங்கறேன்."

பலர் தலையாட்டினார்கள். தலையாட்டியவர்களில் தன்னிடம் டோக்கன் கேட்டுச் சிரிக்கும் முகங்களை யோகராணி பார்த்தாள். பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு எழுந்தாள்.

"எம்புள்ள அழுவறது எனக்குக் கேக்கணும், பெரியவரே."

"அதான் ஊரே பாத்துக்குதேம்மா. ஒரு புள்ளைக்கு ஆயிரம் கண்ணு. இதுக்கு மேல என்ன வேணும்?" அவர் இன்னும் சொன்னார், ஆனால் குரல் ஏறி ஃபாவைத் தொட்டுவிட்டதால் மீதி கேட்கவில்லை, வாய் மட்டும் நெடுநேரம் அசைந்தது. எதிர்த்துப் பேச எழுந்தவர்களுக்கும் அதுவே ஆயிற்று. கூட்டம் வாயசைப்பிலேயே முடிந்து, ஒன்றும் முடிவாகாமல் கலைந்தது.

தைப்பூசம் நெருங்கியபோது லோஷினி தவழத் தொடங்கியிருந்தாள். பௌர்ணமி நெருங்கினால் கடலும் ஊருக்குள் தவழும். மரக்கால் வீடுகளின் அடியில், மதியத்துக்கு மேல், சேறும் சிப்பியும் தெரிந்த இடத்தில் தண்ணீர் ஏறி நிற்கும். அந்த மாதிரி ஒரு மதியம் படகுகள் இறாலோடு வந்து சேர்ந்தன, அதுவரை வராத அளவு இறால் வந்தது, ஊரில் கை ஓய்வாக இருந்தவர்கள் எல்லோரும் கூடையோடு துறைக்குப் போனார்கள், ஆ யூனும் போனாள். யோகராணி தரையில் பாயைப் போட்டு, பிள்ளையைப் பக்கத்தில் கிடத்தி, சுவரில் சாய்ந்து, நாடா கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல மாதத் தூக்கம் அவளை உட்கார்ந்த வாக்கிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

விழித்தபோது நாடாவின் மறுமுனையில் ஒரு முடிச்சு மட்டும் இருந்தது. கதவு, ஊர் வழக்கப்படி, திறந்து கிடந்தது.

வீட்டுக்குள் தேடினாள், கட்டிலடியில் தேடினாள், தண்ணீர்த் தொட்டியில் கையை விட்டுத் துழாவினாள். பலகைப் பாதையில் ஓடினாள். பேர் சொல்லிக் கத்தினாள்; கத்திய கத்தலில் பாதி மறைந்தது. துறையிலிருந்து ஆட்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். வீடு வீடாகப் போனார்கள், எல்லா வீடும் திறந்திருந்தது, எந்த வீட்டிலும் பிள்ளை இல்லை. ஒரு பிள்ளைக்கு ஆயிரம் கண் இருந்தது, ஆனால் கண்ணுக்கு எதிரே இருப்பதைத்தான் கண் பார்க்கும். மூலைக்குப் பின்னால், பலகைக்கு அடியில், வலைக்கும் பீப்பாய்க்கும் அப்பால் இருப்பது கூப்பிட்டால்தான் தெரியும். லோஷினி எங்கோ கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தேடினார்கள். கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. குணாளன் வேலைக்கு நடுவே கிரேன் கூண்டிலிருந்து எப்போதும் கூப்பிடுவான். அவள் எடுத்துக் காதில் வைத்தாள்.

"ராணி," என்றான் அவன். "பாப்பா ஏன் அப்படி அழுவுது? தூக்கேன் மொதல்ல."

யோகராணி நின்ற இடத்தில் நின்றாள்.

இத்தனை மாதமாக அவன் கூப்பிட்டபோதெல்லாம் பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது. இடுப்பில் இருக்கிற பிள்ளை அழுததில்லை. பாலத்துக்கு அந்தப்பக்கம் அந்தச் சுரங்கள் இருக்கின்றன என்பதை ஊர் அறிந்திருந்தது, ஆனால் போன் பாலத்தைத் தாண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"கேக்குதா உங்களுக்கு?" என்றாள். "எங்க கேக்குது? பாப்பாவ காணோங்க. எங்க கேக்குதுன்னு சொல்லுங்க."

மறுமுனையில் கிரேன் இஞ்சின் நிற்கும் சத்தம் வந்தது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஒரு கன்டெய்னரை அந்தரத்தில் தொங்கவிட்டு, கீழே இருந்து அவனைத் திட்டுகிறவர்களைக் கவனிக்காமல், குணாளன் கூண்டுக் கதவை இழுத்து மூடிக்கொண்டு போனைக் காதில் அழுத்தினான்.

"ஆளுங்க சத்தம் போடறாங்க. ஒண்ணும் புரியல. எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லு."

அவள் திரும்பிக் கையை உயர்த்தினாள். ஆ யூன் பார்த்து, வாயில் விரலை வைத்துப் பின்னால் திரும்பினாள். கையிலிருந்து கைக்கு அது போயிற்று. பலகைப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள். ஐஸ் உடைக்கும் இயந்திரத்தை நிறுத்தினார்கள். ஆற்றின் நடுவே படகோட்டி இஞ்சினை அணைத்தார், படகு தானாக நீரோட்டத்தில் திரும்பியது. கோயிலில் காவடிக்கு உறுமி பழகிக்கொண்டிருந்தவர்கள் தோலின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார்கள். சங்கத்து மாடியில் லியோங் குச்சியை இறக்க, பேண்ட் முழுவதும் வாத்தியங்களை மடியில் சாய்த்து, மூச்சையும் பிடித்துக்கொண்டது. ஊர் பிறந்த நாளிலிருந்து அப்படி ஓர் அமைதி அங்கே இருந்ததில்லை. அதில் ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. தூரத்தில், கடலுக்கு மேல் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருந்த ஒரே ஒருவனுக்குத் தன் மகள் அழுவது கேட்டது.

போனைக் கையில் விளக்குப் போல முன்னால் நீட்டிக்கொண்டு யோகராணி நடந்தாள். குணாளனின் குரல் அதிலிருந்து வந்தது.

"நேராப் போ. இன்னும் போ. கம்மியாயிடுச்சி. திரும்பு. வந்த பக்கமே வா. இப்ப கேக்குது. சோத்துக்கைப் பக்கம். இல்ல, அது இல்ல, இன்னும் உள்ள."

ஆ யூனின் கருவாட்டு மேடைக்கு வந்தாள். மேடை முழுக்க மீன்கள் காய்ந்தன, பிள்ளை இல்லை. நூறு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பெருசா கேக்குது," என்றான் குணாளன். "அங்கதான். உங்காலடில."

மேடையின் ஓரத்தில், பழைய வலைகளைப் போட்டுவைத்த மூலையில், ஒரு பலகை உளுத்துப் போய் ஒருச்சாய்ந்திருந்தது. யோகராணி குனியும்போது போனில் அவன் குரல் மாறியது.

"ராணி. நின்னுடுச்சி."

"என்னாங்க?"

"அழுவறது நின்னுடுச்சி. தண்ணி சத்தந்தான் வருது."

அவள் போனைப் பலகையில் போட்டுவிட்டு இடுக்கு வழியாக இறங்கினாள்; இறங்கவில்லை, விழுந்தாள். இடுப்பளவு தண்ணீர். இருட்டு. கையில் வலை, மேலும் வலை, வலைக்குள் பிசுபிசுப்பான பாசி, பிறகு ஒரு சின்னக் கால். லோஷினி தூணில் சிக்கிய வலைக்குவியலின் மேல், ஊஞ்சலில் கிடப்பது போலக் கிடந்தாள். கழுத்து வரை தண்ணீர் வந்திருந்தது. ஓர் அலை வாயில் ஏறியதில்தான் அழுகை நின்றிருந்தது. யோகராணி வலையோடு சேர்த்துத் தூக்கித் தோளில் போட்டு முதுகில் அறைந்தாள். பிள்ளை இருமியது. இருமல் கேட்டது. தண்ணீர் வந்தது. பிறகு வாயைத் திறந்து, ஒரு சத்தமும் இல்லாமல், உடம்பெல்லாம் நடுங்க அழுதது.

மேலே பலகையில் கிடந்த போனிலிருந்து குணாளன் சொல்லிக்கொண்டிருந்தான், "கேக்குது. கேக்குது. கேக்குது."

மறுநாள் காலையில் லியோங்கின் வீட்டு வாசலில் பச்சையப்பன் நின்றார். நன்றாகத் தூங்கிப் பழகிய கண்கள் ஒரே இரவில் பழையபடி சிவந்திருந்தன.

"கூப்பிடுங்க," என்றார். "பேண்டுக்கு நாற்காலி நான் போடறேன்."

லியோங் தன் இசையைக் கிழிக்கவில்லை, திறந்தார். இந்த மலையிலிருந்து பெண் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் இடத்தில் ஃபாவை வைத்தார். ஊர்வலம் வாசலுக்கு வந்து உள்ளே நுழையத் தயங்கும் இடத்தில் டீயை வைத்தார். கறையில்லாத வேலையில் தானே கறை வைக்கிறோம் என்ற வருத்தம் அவர் கையில் தெரிந்தது, ஆனாலும் வைத்தார். பேண்ட் தினமும் சாயங்காலம் ஆற்றங்கரையில், பாலத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து அதை வாசித்தது. யோகராணி பிள்ளையை ஆ யூனின் மடியில், தன் கண்ணுக்கு நேரே, கைக்கு எட்டும் தூரத்தில் உட்காரவைத்துவிட்டுக் கிளாரினெட்டை எடுத்தாள். அந்த இடங்கள் வரும்போது பேண்ட் முழுவதும் கன்னம் உப்ப, கழுத்து நரம்பு புடைக்க ஊதியது. வெறும் காற்று வந்தது. பாட்டில் பல் விழுந்தது போல ஓட்டைகள் தெரிந்தன. கேட்டுக்கொண்டிருந்த ஊர் ஒவ்வோர் ஓட்டையிலும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, பிறகு பின்னால் சாய்ந்தது.

தைப்பூசம் போயிற்று. சீனப் புத்தாண்டு போயிற்று. நோன்புப் பெருநாளும் போயிற்று. வராமலே போகலாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அழைத்ததும் வந்துவிட அவை என்ன நாய்க்குட்டிகளா என்று டியூபாக்காரர் மட்டும் ஒருநாள் முணுமுணுத்தார். லோஷினி அதற்குள் நிற்கப் பழகி, ஆ யூனின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிற்கிற பிள்ளை நடக்கும், நடக்கிற பிள்ளை ஓடும், ஓடுகிற பிள்ளை எங்கே எல்லாம் போய் அழும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே யோகராணி ஊதினாள்.

சித்திரை பிறந்த பிறகு ஒரு சாயங்காலம், இந்த மலைப் பெண் கேள்வி கேட்டாள், ஹார்ன்கள் நின்றன, பேண்ட் மூச்சு இழுத்தது. யோகராணியின் கிளாரினெட்டுக்குள் ஏதோ ஒன்று, நீண்ட பயணம் செய்து வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றுவது போல, சற்றுத் தயங்கியது. பிறகு உள்ளே வந்தது. மெலிந்து, தூசி படிந்து, கொஞ்சம் இறங்கிய சுருதியில்தான் வந்தது, ஆனால் வந்தது. பக்கத்துக் கிளாரினெட்டுக்கும் வந்தது, டிராம்போனுக்கும் வந்தது. லியோங் குச்சியை நிறுத்தவில்லை. கண் மட்டும் நனைந்திருந்தது. ஊர்வலம் வாசலில் தயங்கியபோது இரண்டாவதும் வந்து சேர்ந்தது. ஊர் கைதட்டவில்லை, தட்டினால் மறுபடி எழுந்து போய்விடுமோ என்று பயந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது.

விடிந்ததும் ஆலை ரம்பம் கிறீச்சிட்டது, பச்சையப்பன் தலையணையை எடுத்துக் காதில் அமுக்கிக்கொண்டு படுத்துக்கிடந்தார். மீன்காரர் வீட்டில் மாதக்கணக்கில் நின்றிருந்த சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

யோகராணி பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. கூர்மையாக, நேராக, நடுக்கமில்லாமல், சுருதிப் பெட்டியில் வைத்துச் செய்தது போல. கையிலிருந்த சட்டை நழுவித் தண்ணீரில் விழுந்தது. அவள் ஓடிப்போய்க் கதவருகே நின்றாள். லோஷினி பாயில் உட்கார்ந்து, விழுந்துபோன மரப்பாச்சியைக் காட்டி அழுதுகொண்டிருந்தாள். யோகராணி தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள்.

ஆ யூன் கருவாட்டுக் கூடையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் தபால்காரர் வந்தார், கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்த சாலேஹா வந்தாள், படகுக்குப் போனவர்கள் படகை விட்டுவிட்டு வந்தார்கள். வாசலும் ஜன்னலும் முகங்களாக நிறைந்தன.

"புள்ள அழுவுதே யோகா," என்றாள் ஆ யூன். "தூக்கலையா?"

"தூக்கறேன் அக்கா," என்றாள் யோகராணி. "இருங்க. இன்னும் கொஞ்சம்."

இத்தனை பேர் சுற்றி நின்றுகொண்டு ஒருவர்கூடத் தூக்காத கோபத்தில், லோஷினி மூச்சை நிறைய இழுத்து, இன்னும் பலமாக அழுதாள்.